வகுப்பறையில் கணினி விளையாட்டு: தேர்ந்தெடுப்பது முதல் மாணவர்களே உருவாக்குவது வரை

பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வம் வரட்டும் என்றுதான் பெரும்பாலான ஆசிரியர்கள் கணினி விளையாட்டை வகுப்புக்குள் கொண்டுவருகிறார்கள். அந்தக் காரணத்தை மட்டும் நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வௌட்டர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும், கற்பிப்பதற்காக உருவான விளையாட்டுகளைப் பற்றி வந்திருந்த பல ஆய்வுகளைத் தொகுத்து அலசி 2013ல் முடிவுகளை வெளியிட்டார்கள். விளையாடிப் படித்தவர்கள் வழக்கமான முறையில் படித்தவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். கற்றதை நினைவில் வைத்திருப்பதிலும் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். ஆனால் ஆர்வத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

அதே ஆய்வில் நமக்கு இன்னும் அதிகம் உதவுகிற ஒரு விஷயம் இருக்கிறது. விளையாட்டோடு வேறு விதமான கற்பித்தலும் சேர்ந்திருந்தபோது, ஒரே தடவையோடு விட்டுவிடாமல் பல அமர்வுகளாக நடத்தியபோது, மாணவர்கள் குழுவாக விளையாடியபோது பலன் கூடுதலாக இருந்தது. இந்த வழிகாட்டி அந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. கேம் தானாகப் பாடம் நடத்தாது. செய்து பார்க்கவும் தோற்றுப் பார்க்கவும் ஓர் இடம் தரும், அவ்வளவுதான். அங்கே நடந்ததைப் பாடமாக மாற்றுவது அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் கேட்கிற கேள்விகள். சுமார் 10 வயதிலிருந்து பள்ளி முடிக்கும் வயது வரையுள்ள மாணவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து முயன்று பார்க்க நினைக்கும் பெற்றோரும் இதையே பின்பற்றலாம்.

படி 1: எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பாருங்கள்

கேமைத் தேடுவதற்கு முன் பாடப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை விளக்கினாலும் பாதி வகுப்புக்குப் புரியாமல் போகிற ஓர் இடம் எந்தப் பாடத்திலும் இருக்கும். அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "பின்னம் சொல்லித்தர வேண்டும்" என்று எழுதினால் போதாது. "மேலே உள்ள எண் மாறாமல் கீழே உள்ள எண் பெரிதானால் பின்னம் சிறிதாகும் என்பதை நம்ப மறுக்கிறார்கள்" என்று எழுத வேண்டும். வாக்கியம் இவ்வளவு குறிப்பாக இல்லாவிட்டால் எந்த கேமைப் பார்த்தாலும் பொருத்தமாகத்தான் தோன்றும்.

எல்லாப் பாடத்துக்கும் கேம் தேவையில்லை. பல காரணங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இயங்கும் விஷயங்களுக்கு அது நன்றாகப் பொருந்தும்: சூழல் மண்டலம், நகரம், பொருளாதாரம் போல. கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறியதற்கும், ஓர் ஆயுளில் பார்க்க முடியாத அளவு நீண்டதற்கும் பொருந்தும். நிஜத்தில் தவறு செய்தால் ஆபத்தோ பெருஞ்செலவோ ஆகிற வேலைகளுக்கும் சரியாக வரும். மற்றபடி, கையால் தொட்டுச் செய்யக்கூடிய ஒரு சோதனையை நிஜமாகவே செய்ய வசதி இருந்தால் திரையை விட்டுவிட்டு அதைச் செய்யுங்கள். விதை முளைப்பதைப் பார்க்கத் திரை வேண்டாம்.

செயற்கைக்கோள் ஏன் கீழே விழுவதில்லை என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போய்விட்டால் ஈர்ப்புவிசை இருக்காது என்று பெரியவர்களே நினைப்பதுண்டு. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விளையாட்டில் மாணவர் ஒரு ராக்கெட்டைக் கட்டி நேராக மேலே அனுப்புவார். அது வெகு உயரம் போகும், எரிபொருள் தீரும், திரும்பி விழும். இன்னும் பெரிய ராக்கெட் கட்டுவார். அதுவும் விழும். கடைசியில் யாராவது ஒருவர் ராக்கெட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்ப்பார். அப்போதுதான் சுற்றுப்பாதை என்பது உயரத்தைவிடப் பக்கவாட்டு வேகத்தைப் பற்றியது என்று பிடிபடும். கரும்பலகையில் இதை இரண்டே வரியில் சொல்லிவிடலாம், மாணவர்களும் தலையாட்டுவார்கள். நான்கு ராக்கெட்டைத் தொலைத்தவர் வெறுமனே தலையாட்ட மாட்டார். "அப்படியானால் எவ்வளவு வேகம் வேண்டும்?" என்று கேட்பார். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுத வேண்டிய நேரம் அது.

படி 2: கேமைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு கேமைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் ஜெயிப்பதற்குச் செய்ய வேண்டிய வேலையும், மாணவர் கற்க வேண்டிய வேலையும் ஒன்றா?

கணக்குக்கு விடை சொன்னால் ஒரு துப்பாக்கிக் குண்டு கிடைக்கும், அதை வைத்து அரக்கனைச் சுடலாம் என்று ஒரு கேம் இருக்கிறது என்று வையுங்கள். அங்கே சுவாரஸ்யம் முழுக்கச் சுடுவதில்தான் இருக்கிறது. கணக்கு வெறும் நுழைவுக் கட்டணம். கூடிய சீக்கிரம் அதைத் தாண்டிப் போக எது குறுக்குவழி என்றுதான் பிள்ளைகள் பார்ப்பார்கள். இதற்கு நேர்மாறாக, நார்வேயில் உருவாகி 2012ல் வந்த டிராகன்பாக்ஸ் அல்ஜீப்ராவில் படச் சீட்டுகளை இரண்டு பக்கமும் நகர்த்தி ஒரு பெட்டியைத் தனிமைப்படுத்துவதுதான் விளையாட்டே. ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் செய்தாக வேண்டும். படங்கள் மெல்ல மெல்ல எழுத்துகளாகவும் எண்களாகவும் மாறும். விளையாடுவதும் சமன்பாடு தீர்ப்பதும் ஒரே செயல்.

பயிற்சி கேம்களை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. டக்ஸ் மேத் என்ற இலவச மென்பொருளில் விழுகிற விண்கற்களில் கணக்கு இருக்கும், விடையைத் தட்டினால் கல் உடையும். பெருக்கல் வாய்ப்பாடு ஏற்கெனவே புரிந்த பிள்ளைக்கு வேகம் வர இது போதும். புரியாத பிள்ளைக்கு இது எதையும் புரியவைக்காது. எதற்காக எடுக்கிறோம் என்பதில் தெளிவு இருந்தால் சரி.

தேடத் தொடங்குவதற்குச் சில நல்ல இடங்கள். அறிவியலுக்கும் கணிதத்துக்கும் ஃபெட் உருவகப்படுத்தல்கள் (சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் சிறு நிரல்கள்): இயற்பியலில் 2001ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002ல் தொடங்கியது. இலவசம், உலாவியிலேயே ஓடும், இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். பலவற்றில் கேம் பகுதியும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு ஜீகாம்ப்ரீ: இரண்டு முதல் பத்து வயது வரைக்குமான நூற்றுக்கும் மேற்பட்ட சிறு விளையாட்டுகள், இதுவும் இலவசம். கட்டிப் பார்க்க மைன்கிராஃப்டின் கல்விப் பதிப்பு இருக்கிறது, அதற்குக் கட்டணம் உண்டு. அதே பாணியில் லுவான்டி என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது. அங்கே கனசதுரங்களால் உள்ளே வெற்றிடம் இல்லாத ஒரு மேடையைக் கட்டி, நீள அகல உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள். இரண்டு மடங்கு கல் போதும் என்று நினைத்தவர்கள் எட்டு மடங்கு கொண்டுவர வேண்டியிருக்கும். வரலாற்றுக்கு அசாசின்ஸ் கிரீட் தொடரின் டிஸ்கவரி டூர்: பழங்கால எகிப்து 2018ல் வந்தது. சண்டைகளை எடுத்துவிட்டு, நடந்து சுற்றிப் பார்க்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். மொழிப் பாடத்துக்கு ட்வைன்: வாசகர் தேர்ந்தெடுக்கும் பாதைக்கு ஏற்பக் கதை கிளைபிரியும். தமிழிலேயே எழுதலாம்.

விளம்பரத்தில் "மூளைத்திறனை வளர்க்கும்" என்று போட்டிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். லுமாசிட்டி என்ற மூளைப் பயிற்சி விளையாட்டை நடத்திய நிறுவனம், பள்ளியிலும் வேலையிலும் திறமை கூடும் என்று போதிய ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில், 2016ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஒரு கேம் விளையாடினால் அந்த கேமில் திறமை வளரும் என்பது நிச்சயம். அது வேறு இடத்துக்குத் தாவுவது தானாக நடப்பதில்லை.

படி 3: முதலில் நீங்கள் விளையாடுங்கள்

இதைத் தவிர்க்கவே முடியாது. வகுப்பில் எந்த லெவல் வரை போகப் போகிறீர்களோ அதையும் தாண்டி விளையாடிப் பாருங்கள். அப்புறம் ஒரு தடவை வேண்டுமென்றே சோம்பேறி மாணவர் மாதிரி விளையாடுங்கள்: எதையும் யோசிக்காமல் கண்டபடி தட்டிக்கொண்டே போனால் ஜெயிக்க முடிகிறதா? முடிகிறது என்றால் அந்த ஓட்டையை அடைக்க ஒரு விதி தேவைப்படும்.

கட்டுப்பாடுகளைப் பழக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு பாடவேளைக்கு மேல் ஆகுமானால், வருடத்தில் பலமுறை பயன்படுத்தப் போகும் கேமாக இருந்தால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். விளம்பரம் வருகிறதா, பணம் கேட்கிறதா, முகம் தெரியாதவர்களோடு பேசும் வசதி திறந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 4: இருக்கிற கணினியை வைத்துத் திட்டமிடுங்கள்

ஆளுக்கொரு கணினி இல்லையே என்று தயங்க வேண்டாம். கல்வி விளையாட்டுகளில் மிகவும் பெயர்பெற்ற ஆரிகன் டிரெயில் 1971 டிசம்பரில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியரின் வரலாற்று வகுப்பில்தான் முதன்முதலில் விளையாடப்பட்டது. அவரும் பில் ஹைன்மன், பால் டில்லன்பர்கர் என்ற இரண்டு நண்பர்களும் சேர்ந்து உருவாக்கியது. அப்போது திரைகூடக் கிடையாது. தொலைவில் இருந்த கணினியோடு இணைத்த ஒரு டெலிபிரிண்டர், காகிதத்தில் எழுத்துகளை அச்சடித்துத் தள்ளும். மாணவர்கள் அதைச் சுற்றி நின்று வாசித்து, அடுத்து என்ன செய்வது என்று பேசி முடிவெடுத்தார்கள். கணினி குறைவாக இருப்பது பேச்சைக் கூட்டும். பேச்சுதான் நமக்கு வேண்டும்.

ஒரே கணினியும் ப்ரொஜெக்டரும் இருந்தால் வகுப்பை நான்கைந்து குழுவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் குழுக்கள் தங்கள் முடிவைத் தாளில் எழுதிக் காரணத்தோடு சொல்லட்டும். வகுப்பு வாக்களித்த பிறகு ஒருவர் வந்து அதைச் செய்யட்டும். சில கணினிகள் இருந்தால் இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் மவுஸைப் பிடிப்பார், மற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். பிடித்திருப்பவர் சொன்னதை மட்டும்தான் செய்ய வேண்டும். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள்.

இந்த விதியைக் கறாராக வைத்திருங்கள். வீட்டில் நிறைய கேம் விளையாடும் பிள்ளைகள் மவுஸை விடமாட்டார்கள். பழக்கமில்லாதவர்கள், பெரும்பாலும் கூச்ச சுபாவமுள்ளவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். நன்றாகத் தெரிந்தவரை "சொல்பவர்" இடத்தில் முதலில் உட்காரவைத்தால் இரண்டு நன்மை. தெரியாதவர் கைக்கு மவுஸ் வரும். தெரிந்தவர் தனக்குக் கையிலே வருவதை வாயால் விளக்கக் கற்றுக்கொள்வார்.

படி 5: பாடவேளையை நடத்துங்கள்

45 நிமிடம் என்றால் முதல் ஐந்து நிமிடம் கணிப்புக்கு, பதினைந்து முதல் இருபது நிமிடம் விளையாட, மீதி முழுவதும் பேச. பேசும் நேரம் விளையாடிய நேரத்துக்குக் குறையவே கூடாது. மணியடிக்கும் வரை விளையாடிவிட்டுக் கலைந்துபோனால் அந்த வகுப்பு வீண்.

உதாரணத்துக்கு, வேதிச் சமன்பாட்டைச் சமப்படுத்துவதற்கான ஃபெட் உருவகப்படுத்தலை எடுத்துக்கொள்வோம். அறிமுகப் பகுதியில் மூன்று வினைகள் இருக்கும்: அம்மோனியா உருவாக்குவது, தண்ணீரைப் பிரிப்பது, மீத்தேனை எரிப்பது. மீத்தேனை எடுங்கள். மீத்தேனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணீரும் வர வேண்டும். ஒவ்வொன்றும் எத்தனை மூலக்கூறு என்பதை அம்புக்குறியை அழுத்திக் கூட்டலாம், குறைக்கலாம். அணுக்கள் படமாகத் தெரியும், வேண்டுமானால் தராசையும் காட்டச் சொல்லலாம்.

திரையைத் திறப்பதற்கு முன்பே விடையை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு விதி இல்லாவிட்டால், தராசு நேராகும் வரை அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்து ஜெயித்துவிடுவார்கள். சரி, எழுதியாயிற்று, தொடங்குகிறார்கள். நான்கிலும் ஒன்று ஒன்று போட்டதும் கார்பன் சமமாக இருக்கும். ஹைட்ரஜன் இடதுபக்கம் நான்கு, வலதுபக்கம் இரண்டு. தண்ணீரை இரண்டாக்குவார்கள். ஹைட்ரஜன் சரியாகிவிடும், ஆனால் ஆக்ஸிஜன் இடதுபக்கம் இரண்டு, வலதுபக்கம் நான்கு என்று ஆகும். ஆக்ஸிஜன் மூலக்கூறை இரண்டாக்கினால் எல்லாம் சமம்.

இதற்குள் யாராவது ஒரு மாணவர், தண்ணீருக்குள் இருக்கும் ஹைட்ரஜன் எண்ணிக்கையை மட்டும் மாற்ற வழி தேடியிருப்பார். நோட்டில் நிறையப் பேர் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். வருடம் முழுக்க நாம் சிவப்பு மையால் அடித்துத் திருத்துகிற அதே தவறு. இங்கே அதற்குப் பொத்தானே கிடையாது. விளையாட்டை நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள்: "அந்த எண்ணை மாற்றுவதற்கு ஏன் பொத்தான் வைக்கவில்லை?" கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும், இருக்கட்டும். மூலக்கூறுக்குள்ளே கைவைத்தால் அது வேறு பொருளாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்ஸிஜன் அணுவைக் கூட்டினால் அது ஹைட்ரஜன் பெராக்ஸைடு, குடிக்க முடியாது என்று நீங்கள் முடித்துவைக்கலாம். அடுத்து, நோட்டில் இரண்டு, நான்கு, இரண்டு, நான்கு என்று எழுதினாலும் இரண்டு பக்கமும் அணுக்கள் சமமாகவே இருக்குமே, அது ஏன் என்று கேளுங்கள். அங்கிருந்து விகிதம் பற்றிய பேச்சு தானாகவே தொடங்கிவிடும்.

படி 6: விளையாடி முடித்ததும் பேசுங்கள்

முதலில் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். எங்கே தோற்றீர்கள், எதை மாற்றினீர்கள், பிறகு என்ன ஆயிற்று? இந்தச் சுற்றில் யாருடைய விடையையும் திருத்த வேண்டாம். அப்புறம் ஏன் அப்படி ஆயிற்று என்று கேளுங்கள். பாடப்புத்தகத்தின் சொற்களை இங்கே அறிமுகப்படுத்தலாம். அனுபவம் முதலில் வந்துவிட்டதால் சொல்லுக்குப் பொருள் ஏற்கெனவே தயாராக இருக்கும். மூன்றாவதாக, இது விளையாட்டுக்கு வெளியே எங்கே நடக்கிறது என்று கேளுங்கள்.

நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: இந்த கேம் எதைப் பொய்யாகக் காட்டுகிறது?

எல்லா கேமும் உலகத்தைச் சுருக்கித்தான் காட்ட முடியும். எதைச் சுருக்கினார்கள் என்று கண்டுபிடிப்பதே அருமையான பாடம். கெர்பல் விளையாட்டின் கிரகத்துக்கு ஆரம் 600 கிலோமீட்டர். பூமிக்குச் சுமார் 6,371. ஆனால் தரையில் ஈர்ப்பு முடுக்கம் இரண்டுக்கும் ஒன்றே. அப்படியானால் அந்தக் கிரகத்தின் அடர்த்தி என்னவாக இருக்கும் என்று மேல்வகுப்பு மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பூமியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வரும். பூமியின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5.5 கிராம் என்பதால் அங்கே 58 கிராம் அளவுக்கு ஆகும். நமக்குத் தெரிந்த தனிமங்களில் மிக அடர்த்தியான ஆஸ்மியமே 22.6 கிராம்தான். அப்படியொரு கிரகம் இருக்க முடியாது! பிறகு ஏன் அப்படி வைத்தார்கள்? சுற்றுப்பாதைக்குப் போகும் நேரமும் எரிபொருளும் குறைய வேண்டும், விளையாடுகிறவர் சலிப்படையக் கூடாது. விளையாட்டின் தேவைக்கும் இயற்பியலின் உண்மைக்கும் நடுவே யாரோ உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள் என்பது மாணவருக்கு அப்போது உறைக்கும்.

சமூக அறிவியலில் இந்தக் கேள்வி இன்னும் ஆழமாகப் போகும். 2013ல் வந்த சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் விளையாட்டில் நிஜ நகரங்களில் இருக்கும் அளவுக்கு வாகன நிறுத்துமிடங்கள் கிடையாது. உள்ளபடி காட்டியிருந்தால் திரை முழுக்க அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆரிகன் டிரெயிலில் நீங்கள் அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போகிற வண்டிக்காரர். நீங்கள் கடக்கும் நிலம் யாருடையதோ, அந்தப் பூர்வகுடி மக்கள் அந்த விளையாட்டில் வெகுகாலம் வழியில் எதிர்ப்படும் பாத்திரங்களாக மட்டுமே இருந்தார்கள். 2021ல் வந்த புதிய பதிப்பை உருவாக்கியபோது பூர்வகுடி அறிஞர்களின் ஆலோசனையைக் கேட்டுத் திருத்தினார்கள். இதே பயணத்தை மறுபக்கம் நின்று பார்த்தவர் எப்படிச் சொல்வார் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வரலாறும் மொழியும் ஒரே பாடவேளையில் நடந்துவிடும்.

படி 7: கற்றார்களா என்று பாருங்கள்

கேமின் ஸ்கோரை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே விளையாடிப் பழகியவர் முந்திப்போவார், அவ்வளவுதான். தொடங்குவதற்கு முன் தாளில் மூன்று கேள்வி, முடித்ததும் அதே வகையில் வேறு மூன்று, ஒரு வாரம் கழித்து இன்னொரு மூன்று. திரையில் பார்த்த படம் எதுவும் அவற்றில் இருக்கக் கூடாது. முடித்ததும் நன்றாக எழுதிவிட்டு ஒரு வாரத்தில் மறந்திருந்தால், பேச்சு போதவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னொரு அமர்வு வையுங்கள். ஸ்கோர் கூடியும் தாளில் மாற்றமே இல்லை என்றால் கேம் பொருத்தமில்லை. தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

படி 8: பரிசு, பதக்கம் விஷயத்தில் நிதானம்

பாடம் முழுவதையும் புள்ளி, பதக்கம், தரவரிசைப் பட்டியல் என்று மாற்றுவதைத்தான் சிலர் விளையாட்டுவழிக் கல்வி என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 1973ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மழலையர் பள்ளியில் ஏற்கெனவே ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடியே கொடுத்தார்கள். பிறகு சும்மா இருந்த நேரத்தில் மற்றவர்களைவிட அந்தக் குழந்தைகள் வரைவது குறைந்துபோனது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. தானாக வருகிற ஆசைக்கு விலை பேசாதீர்கள். தரவரிசைப் பட்டியலைச் சுவரில் ஒட்டவே வேண்டாம். கடைசியில் நிற்கும் பிள்ளை அதைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். போட்டி தேவைப்பட்டால் குழுக்களுக்கு நடுவே வையுங்கள், ஒவ்வொரு முறையும் குழுவை மாற்றுங்கள்.

படி 9: பாதுகாப்பு, பெற்றோர், நிர்வாகம்

வயது மதிப்பீட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் ஈ.எஸ்.ஆர்.பி. 1994 முதலும், ஐரோப்பாவில் பெகி 2003 முதலும் இதைச் செய்கின்றன. கனமான விஷயங்களைப் பேசும் கேம்களும் கல்விக்கு வரலாம், வயது அறிந்து. முற்றுகையிடப்பட்ட நகரத்தில் சிக்கிய சாதாரண மக்கள் உயிர்பிழைக்கப் போராடும் திஸ் வார் ஆஃப் மைன் என்ற விளையாட்டை, 2020ல் போலந்து அரசு பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. அது 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.

மாணவர் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் கேட்கும் கேமாக இருந்தால், அதைக் கேட்காத வேறொன்றைத் தேடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் புனைபெயர் போட்டுப் பெற்றோரின் சம்மதம் வாங்குங்கள். திரை வேகமாக மின்னும் காட்சிகள் வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்து. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னினால் தவிர்த்துவிடுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத மாணவர் வகுப்பில் இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பிய கேம் அவருக்குக் காரணமே புரியாத தோல்வியைத் தரும்.

பெற்றோர் "பள்ளியிலும் கேமா?" என்று கேட்பது நியாயமான கவலை. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை 2019ல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது, 2022ல் அது நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாட்டை இழந்து, மற்ற வேலைகளை எல்லாம் தள்ளிவைத்து, வழக்கமாக ஓராண்டாவது அப்படி இருந்தால்தான் அந்தப் பெயர். வகுப்பில் நடக்கும் இருபது நிமிடம் அதில் சேராது. ஆனாலும் வாதாடி ஜெயிப்பதைவிட, அவர்களை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து ஒரு லெவல் விளையாடச் சொல்லிவிட்டு, பிறகு நடக்கும் பேச்சையும் கேட்கச் சொல்வது மேல். தலைமை ஆசிரியருக்கும் இதையே செய்யலாம். படி 1ல் எழுதிய வாக்கியத்தையும் படி 7ல் வந்த விடைத்தாள்களையும் கையில் வைத்திருங்கள். வீட்டுப்பாடமாக மட்டும் கேமைக் கொடுக்காதீர்கள். கணினி இல்லாத வீடு உண்டு, விளையாடியபின் பேச ஆள் இல்லாத வீடும் உண்டு.

படி 10: மாணவர்களே உருவாக்கட்டும்

மேலே சொன்னது எல்லாம் பழகிய பிறகு இங்கே வாருங்கள். ஒரு விளையாட்டை உருவாக்க வேண்டுமானால் அதன் விதிகளைக் கணினிக்குப் புரியும் அளவுக்குத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். அரைகுறையாகப் புரிந்தது அங்கே உடனே மாட்டிக்கொள்ளும். சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபூர்சைக் ஆகியோர் 1967ல் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கியதன் பின்னால் இருந்த எண்ணம் இதுதான். அந்த வழியில் வந்ததுதான் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மிட்சல் ரெஸ்னிக்கின் குழு 2007ல் வெளியிட்ட ஸ்கிராட்ச். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், இழுத்துப் பொருத்தினால் போதும். இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும்.

ஸ்கிராட்ச் மேடையின் அகலம் 480 அலகு, உயரம் 360. நடுவில் சுழியம். மேடையில் நிற்கும் பூனைப் படத்தை மூலைக்குக் கொண்டுபோகச் சொன்னாலே ஆயத்தொலைவு பாடம் பாதி முடிந்தது. அடுத்து ஒரு பந்தை விழவைக்கச் சொல்லுங்கள். முதலில் எல்லோரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒய் மதிப்பை (பந்தின் உயரத்தை) 5 குறைப்பார்கள். பந்து விழும், ஆனால் லிஃப்ட் இறங்குகிற மாதிரி சீராக இறங்கும். "நிஜப் பந்து இப்படியா விழும்?" என்று கேட்டுவிட்டு விடுங்கள். வேகம் என்று ஒரு மாறி (மதிப்பு மாறக்கூடிய எண்) உருவாக்கி, அதைச் சுழியத்தில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் முதலில் வேகத்தை 1 குறைத்து, பிறகு ஒய் மதிப்பில் அந்த வேகத்தைக் கூட்ட வேண்டும் என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேர நேரம் கொடுங்கள். உதவி தேவைப்பட்டால் ஒரு குறிப்புச் சொல்லலாம்.

இப்போது பந்து நிஜமாக விழும். எத்தனை சுற்றில் எவ்வளவு தூரம் விழுந்தது என்று அட்டவணை போடச் சொல்லுங்கள். 5 சுற்றில் 15, 10 சுற்றில் 55, 20 சுற்றில் 210. நேரம் இரண்டு மடங்கானால் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காவதை அவர்கள் கைப்பட எழுதிய எண்களிலேயே பார்ப்பார்கள். ஒன்று முதல் வரிசையாக எண்களைக் கூட்டும் சூத்திரம் எங்கே பயன்படும் என்று கேட்ட பிள்ளைக்கும் பதில் கிடைத்துவிடும்.

முடித்த விளையாட்டுகளை இரண்டு வகுப்பு கீழே படிக்கும் பிள்ளைகளிடம் கொடுங்கள். உருவாக்கியவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், ஆனால் எதையும் விளக்கக் கூடாது. எங்கே முழிக்கிறார்கள், எந்த இடத்தில் சலித்துப்போய் விடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கொடுத்து அந்த இடங்களை மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் மறுபடி அதே பிள்ளைகளிடம் கொடுத்து, இந்த முறை எங்கே நின்றார்கள் என்று முந்தைய குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.